ஒரு பொட்டலமும் ஒரு குடும்பத்தின் வாழ்வும்

கொட்டாஞ்சேனையின் ஒழுங்கைகளில் ஒன்றில், மாடிப்படிக்குக் கீழே தடுத்துக் கொடுக்கப்பட்ட ஓர் அறையில் அந்தக் குடும்பம் வசிக்கிறது. அறை பத்தடிக்குப் பன்னிரண்டடி இருக்கும். ஒரு கட்டில், ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, சுவரில் ஆணியில் தொங்கும் ஒரு பொலித்தீன் பை. நாம் போனபோது வீட்டுக்காரர் அந்தப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டுதான் பேசத் தொடங்கினார்.

வலிகாமம் வடக்கில் செம்பாட்டு மண்ணில் வெங்காயமும் புகையிலையும் செய்தவர் அவர். 1990 ஜூனில் ஊரே எழும்பியபோது அவருக்கு இருபது வயது. மல்லாகத்தில் நலன்புரி நிலையத்தில் பல வருடங்கள் இருந்து, கலியாணம் முடித்து, பிள்ளைகளைப் பெற்று, கடைசியில் கூலி வேலை தேடிக் கொழும்புக்கு வந்தார். ஊரில் காணிகள் கட்டங் கட்டமாக விடுவிக்கப்பட்டன. அவருடைய துண்டு மட்டும் இன்னும் முள்வேலிக்கு அப்பால் கிடக்கிறது. பையிலே காணி உறுதியின் பிரதி இருந்தது. அதனோடு சேர்த்து மடிக்கப்பட்டு இன்னொரு தாளும் இருந்தது. அது நீதவான் நீதிமன்றத்தில் தண்டப்பணம் கட்டிய பற்றுச்சீட்டு.

2024 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஓர் இரவு அவருடைய மூத்த மகன் பிடிபட்டான். வயது 24. புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் சாமான் ஏற்றி இறக்கும் வேலை. சட்டைப் பையில் ஒரு சிறிய கஞ்சாப் பொட்டலம் இருந்ததாம். இரண்டு வாரம் விளக்கமறியல். பிறகு குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டப்பணம் கட்டினார்கள். சட்டத்தரணிக்கும், போக்குவரத்துக்கும், தண்டத்துக்குமாக எண்பதாயிரம் ரூபாவுக்கு மேல் போய்விட்டது. தாயின் காப்பு அடைவு கடையில் இருக்கிறது. கடைக்காரர் மகனைத் திரும்ப வேலைக்கு எடுக்கவில்லை. வெளிநாட்டு வேலைக்குப் போட்டிருந்த விண்ணப்பமும் பொலிஸ் சான்றிதழ் கேட்கும் இடத்தில் நின்றுபோயிற்று.

"என்ரை பொடியன் செய்தது சரியெண்டு நான் சொல்ல வரேல்லை, தம்பி" என்றார் தகப்பன். "ஆனா நான் காலமெல்லாம் நட்டதும் புகையிலைதான். அதையும் ஆக்கள் புகைச்சுத்தான் செத்தவை. எனக்கு ஒருத்தரும் விலங்கு போடேல்லை."

இந்தக் கேள்விக்கு நாம் உடனே பதில் சொல்லவில்லை. அதைப் பற்றி யோசித்ததன் விளைவே இந்தக் கட்டுரை.

சட்டம் சொல்வது என்ன?

நமது நாட்டில் கஞ்சா வைத்திருப்பது குற்றம். இதில் மயக்கம் வேண்டாம். 1929 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்க நஞ்சுகள், அபினி, அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம் பிரித்தானியர் காலத்தில் வந்தது. இன்றும் அதுவே அடிப்படைச் சட்டம். 1984 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் ஹெரோயின், கொக்கேயின், மோர்பின், அபின் என்பவற்றைக் குறித்த அளவுக்கு மேல் வைத்திருப்போருக்கும் கடத்துவோருக்கும் மரண தண்டனை அல்லது ஆயுட்கால சிறை என்று விதித்தது. 2022 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்கச் சட்டம் 'ஐஸ்' எனப்படும் மெத்தம்பெட்டமைனையும் கடும் தண்டனைக்குள் கொண்டுவந்தது.

ஆகவே, ஹெரோயினும் ஐசும் ஒரு தட்டிலும், ஒருவன் தன் சொந்தப் பாவனைக்கு வைத்திருக்கும் சிறிதளவு கஞ்சா வேறொரு தட்டிலும் இருப்பதைச் சட்டமே ஏற்றுக்கொள்கிறது. சிறிதளவு கஞ்சாவுக்குப் பெரும்பாலும் நீதவான் நீதிமன்றத்தில் தண்டப்பணத்தோடு வழக்கு முடிகிறது.

ஆனால் தெருவில் இந்த வேறுபாடு தெரிவதில்லை. பிடிபடும் விதம் ஒன்று, ஏற்றும் வாகனம் ஒன்று, அடைக்கும் கூடு ஒன்று. தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் ஆண்டுக் கணக்குகளின்படி 2021 இலும் 2022 இலும் வருடமொன்றுக்கு ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட போதைப்பொருள் கைதுகள் நடந்தன. அவற்றில் பெரும் பங்கு கஞ்சாவுக்காக நடந்த கைதுகள்.

தண்டப்பணம் சிறிய தண்டனை என்று நினைக்கலாம். பணம் உள்ளவனுக்கு அது சிறியதுதான். இல்லாதவனுக்கு அதுவே சிறை. இலங்கைச் சிறைகளுக்குத் தண்டனை பெற்று வருவோரில் பெரும்பான்மையானோர் தண்டப்பணம் கட்ட வழியில்லாமல் வருபவர்கள். சிறைகளோ கொள்ளளவுக்கு மிக அதிகமாக நிரம்பி வழிகின்றன. ஒரு பொட்டலத்துக்காக உள்ளே போகும் இளைஞன் அங்கேதான் ஹெரோயின் விற்பவனோடு தோளோடு தோள் உரசிப் படுக்கிறான்.

2023 டிசம்பரில் தொடங்கிய வேட்டை

2023 டிசம்பர் 17 அன்று 'யுக்திய' என்ற பெயரில் நாடு தழுவிய தேடுதல் தொடங்கியது. சிங்களத்தில் அந்தச் சொல்லுக்கு நீதி என்று பொருள். அப்போது பொதுமக்கள் பாதுகாப்பு அமைச்சராக இருந்தவர் டிரான் அலஸ். பதில் பொலிஸ் மா அதிபராக இருந்தவர் தேசபந்து தென்னக்கோன். ஒவ்வொரு நாளும் எத்தனை பேர் கைது என்ற எண்ணிக்கை பத்திரிகைகளுக்குக் கொடுக்கப்பட்டது. மோப்ப நாய்களோடும் தொலைக்காட்சிக் கமராக்களோடும் பொலிசார் ஏழைகளின் வீடுகளுக்குள் நுழைந்ததை நாமெல்லாரும் கண்டோம்.

ஒரு மாதம் ஆகுமுன்பே 29,000 பேருக்கு மேல் கைதானதாகச் சொல்லப்பட்டது. 2024 ஜனவரியில் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைகள் அலுவலகம் இந்த எண்ணிக்கையைக் குறிப்பிட்டுக் கவலை தெரிவித்தது. பிடியாணை இல்லாத தேடுதல், துன்புறுத்தல், படையினர் நடத்தும் புனர்வாழ்வு நிலையங்களுக்கு அனுப்புதல் என்பன பற்றிய முறைப்பாடுகளை ஐ.நா. நிபுணர்களும் எடுத்துக் காட்டி, நடவடிக்கையை நிறுத்தும்படி கேட்டனர். அதன் பின் ஆட்சி மாறியது. 2025 ஒக்டோபர் இறுதியில் புதிய அரசும் போதைப்பொருளுக்கு எதிராகத் தேசிய நடவடிக்கை ஒன்றைத் தொடங்கியது.

போதைப்பொருளுக்கு எதிராக அரசு செயற்படுவது தவறு என்று நாம் சொல்லவில்லை. ஹெரோயினும் ஐசும் கொட்டாஞ்சேனை, முகத்துவாரம் பக்கங்களில் வீடுகளை அழிப்பதை நாம் அருகிலிருந்து பார்க்கிறோம். நாம் கேட்பது வேறு. எண்ணிக்கையே வெற்றி என்று வைத்தால், பொலிஸ்காரன் யாரைப் பிடிப்பான்? கப்பலில் கொண்டுவருபவனைப் பிடிக்க மாதக்கணக்காகும். ஒழுங்கையில் நடந்து வரும் கூலித் தொழிலாளியைப் பிடிக்க ஐந்து நிமிடம் போதும். இரண்டும் கணக்கிலே ஒன்று என்றுதான் எழுதப்படும்.

வெள்ளவத்தையிலும் இது தெரிகிறது. காலி வீதியில் உயர்ந்து நிற்கும் தொடர்மாடிகளுக்குள் யார் என்ன புகைக்கிறார்கள் என்று எவரும் போய்ப் பார்ப்பதில்லை. வாயிலில் காவலாளி நிற்கிறான். ஆனால் கடற்கரையோரம் ரயில் பாதைப் பக்கமாக மாலையில் கூடி நிற்கும் கடைப் பையன்களின் சட்டைப் பைகள் தட்டப்படுகின்றன. குற்றம் ஒன்றுதான், கதவுகள்தான் வேறு.

பயத்தின் பழைய கணக்கு

இடம்பெயர்ந்த நமது குடும்பங்களுக்குப் பொலிஸ் தேடுதல் என்பது புதிதல்ல. 2007 ஜூன் 7 அதிகாலையில் கொழும்பு லொட்ஜ்களிலிருந்து 376 தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டு வவுனியாவுக்கும் வேறு இடங்களுக்கும் அனுப்பப்பட்டதை யாரும் மறந்திருக்க முடியாது. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜ்கள் அன்று வெறுமையாயின. மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அப்போதைய பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க அரசாங்கத்தின் சார்பில் வருத்தம் தெரிவித்தார்.

இதை ஏன் இங்கே நினைவூட்டுகிறோம்? அன்று கொழும்பில் களவு இருந்தது, கொலை இருந்தது, கசிப்பு இருந்தது, ஹெரோயின் இருந்தது. இருந்தும் லொட்ஜில் தங்கிய தமிழரைத் தேடுவதே பொலிசாருக்கு முதல் வேலையாக இருந்தது. அந்த வரிசையைக் கடவுள் எழுதவில்லை, சட்டப் புத்தகமும் எழுதவில்லை. மேலதிகாரிகள் தீர்மானித்தார்கள். நாடு முழுவதும் கேள்வி எழுந்தபோது அந்த வரிசை மாறியது.

எந்த நாட்டுப் பொலிசாலும் எல்லாக் குற்றத்தையும் ஒரே நேரத்தில் பிடிக்க முடியாது. எதை முதலில், எதைக் கடைசியில் என்று ஒரு பட்டியல் எப்போதும் இருக்கும். எழுதப்பட்டிருந்தாலும் இருக்கும், எழுதப்படாவிட்டாலும் இருக்கும். வயது வந்த ஒருவர் பிறருக்கு இடையூறில்லாமல் சொந்தப் பாவனைக்கு வைத்திருக்கும் சிறிதளவு கஞ்சா அந்தப் பட்டியலில் எங்கே இருக்க வேண்டும் என்பதே நமது கேள்வி. கடைசியில் இருக்க வேண்டும் என்பது நமது எண்ணம்.

வேறு ஊர்களில் செய்து பார்த்தது

இது கற்பனை அல்ல. தென் லண்டனில் லம்பெத் என்றொரு பிரதேசம் உண்டு. நம்மவர்கள் பலர் குடியிருக்கும் ரூட்டிங் பகுதிக்கு அண்மையிலே உள்ளது. 2001 ஜூலையில் அங்கே பொலிஸ் பொறுப்பதிகாரியாக இருந்த பிரயன் பாடிக் ஒரு பரீட்சார்த்தம் தொடங்கினார். சிறிதளவு கஞ்சாவோடு பிடிபடுபவரைக் கைது செய்வதில்லை. பொருளைப் பறித்து, எச்சரித்து, பதிந்துவிட்டு அனுப்பிவிடுவது. மிஞ்சும் நேரத்தை ஹெரோயின், கொக்கேயின் விற்பவர்கள் மீதும் வழிப்பறி மீதும் செலவிடுவது. ஏறத்தாழ ஒரு வருடம் இது நடந்தது.

விளைவு முழுக்க நன்மை என்று சொன்னால் அது பொய்யாகும். பொலிசாரின் நேரம் மிச்சமானது. பிரதேசத்தில் வேறு குற்றங்கள் குறைந்ததாகப் பின்னர் ஆராய்ந்தவர்கள் கண்டார்கள். அதே வேளையில் கஞ்சாக் குற்றங்கள் கூடின. வெளியூரிலிருந்து வாங்க வருகிறார்கள் என்று குடியிருப்பாளர்கள் முறையிட்டார்கள். பாடசாலைப் பிள்ளைகளுக்குப் பிழையான செய்தி போகிறது என்று பெற்றோர் அஞ்சினார்கள். கடும் போதைப்பொருளால் வைத்தியசாலைக்கு வந்த ஆண்களின் தொகை கூடியதாகவும் ஓர் ஆய்வு சொன்னது. பிரித்தானியா 2004 இல் கஞ்சாவைக் குறைந்த தண்டனைப் பிரிவுக்கு இறக்கி, 2009 இல் மீண்டும் ஏற்றியது.

அமெரிக்காவில் சியாற்றில் நகர மக்கள் 2003 செப்ரெம்பரில் வாக்களித்து, வயது வந்தோரின் சொந்தக் கஞ்சாப் பாவனையைப் பொலிசாரின் ஆகக் கடைசி வேலையாக்கினார்கள். சுமார் 58 வீதத்தினர் ஆதரித்தனர். அங்கே முக்கியமானது என்னவென்றால், வழக்குகளை மீளாய்வு செய்ய ஒரு குழுவையும் அமைத்தார்கள். அந்தக் குழு பாதகமான விளைவு எதையும் காணவில்லை.

போர்த்துக்கல் 2001 ஜூலை முதல் இன்னொரு வழியில் போனது. பத்து நாள் பாவனைக்கு மேற்படாத அளவு வைத்திருப்பவர் நீதிமன்றத்துக்கு அல்ல, மூவர் கொண்ட ஒரு குழுவின் முன் செல்கிறார். அடிமையாகியிருந்தால் சிகிச்சைக்கு வழி காட்டுகிறார்கள். விற்பது அங்கே இன்றும் குற்றம்.

இந்த அனுபவங்களிலிருந்து நாம் மூன்று பாடம் படிக்கலாம். கடைசி இடத்தில் வைப்பது என்றால் கைவிட்டுவிடுவது அல்ல. மிஞ்சும் நேரம் எதற்குச் செலவாகிறது என்று மக்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். பிள்ளைகளைக் காக்கும் வேலையைப் பொலிசிடம் மட்டும் விட்டுவிட முடியாது.

இங்கே எப்படி?

சியாற்றில் போல் கொழும்பு மாநகர சபையால் தீர்மானிக்க முடியாது. நமது நாட்டில் பொலிஸ் மத்திய அரசின் கையில் இருக்கிறது. 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது திருத்தம் மாகாணங்களுக்குக் கொடுத்த பொலிஸ் அதிகாரமும் நடைமுறைக்கு வரவில்லை. ஆகவே மாற்றம் பொலிஸ் மா அதிபரின் சுற்றறிக்கை மூலமாகவோ, பாராளுமன்றத்தின் மூலமாகவோதான் வர வேண்டும். ஆனால் பிரதேச மட்டத்தில் பொலிசாரும் மக்களும் கூடும் குழுக்கள் உண்டு. அங்கே இந்தப் பேச்சைத் தொடங்கத் தடை எதுவும் இல்லை.

நாம் கேட்கக் கூடியவை இவை:

முதலாவது, வயது வந்தவர், சொந்தப் பாவனை, சிறிதளவு, பிறருக்கு இடையூறில்லை என்ற நான்கும் பொருந்தினால், கைது செய்யாமல் பொருளைப் பறித்து எச்சரித்து அனுப்புதல்.

இரண்டாவது, பொலிஸ் நிலையத்தின் வெற்றியைக் கைதுகளின் எண்ணிக்கையால் அளக்காதிருத்தல்.

மூன்றாவது, பிள்ளைகளுக்கு விற்பவன், ஹெரோயினும் ஐசும் கொண்டுவருபவன், இவர்களிடம் கைநீட்டும் அதிகாரி ஆகியோரை முதல் வரிசையில் வைத்தல்.

நான்காவது, இவை எல்லாம் எழுத்தில் இருத்தல். இது மிக முக்கியம். எழுதாத சலுகை இலஞ்சத்துக்கு வாசல். "பார்த்துச் செய்கிறேன்" என்று சொல்லும் ஒவ்வொரு இடத்திலும் ஏழையின் கையிலிருந்து காசு கைமாறுகிறது. எத்தனை பேர் எச்சரிக்கப்பட்டார்கள், எத்தனை பேர் கைதானார்கள், எந்தப் பகுதியில், எந்த மொழி பேசுவோர் என்று வருடந்தோறும் கணக்கு வெளிவர வேண்டும்.

ஒரு தாயின் மறுப்பு

இதை நாம் வெள்ளவத்தையில் ஒரு சிறு கூட்டத்தில் சொன்னபோது, வன்னியிலிருந்து வந்து தையல் வேலை செய்யும் ஒரு தாய் எழுந்தார். "நீங்கள் படிச்ச ஆக்கள் இப்பிடிச் சொன்னா, என்ரை பதினைஞ்சு வயதுப் பொடியன் என்ன நினைப்பான்? பொலிஸ் பயமும் இல்லையெண்டா நான் ஆரைச் சொல்லி அவனை மறிக்கிறது?" என்று கேட்டார்.

அவருடைய பயம் நியாயமானது. கஞ்சா தீங்கில்லாத இலை என்று சொல்பவர்களோடு நாம் உடன்படவில்லை. வளரும் வயதில் அதைப் புகைப்பவர்களுக்கு ஞாபக சக்தியும் படிப்பும் கெடுகின்றன. சிலருக்கு, விசேஷமாகக் குடும்பத்தில் மனநோய் உள்ளவர்களுக்கு, அது கடும் மனநோயைக் கிளப்பிவிடும். நாள்தோறும் புகைப்பவர்களில் ஒரு பகுதியினர் விட முடியாமல் தவிக்கிறார்கள். இடப்பெயர்வின் துயரத்தை மறக்கப் புகைப்பவன் துயரத்திலிருந்து மீள்வதும் இல்லை. ஆகவே நாம் கேட்பது வயது வந்தவர் பற்றி மட்டுமே. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு விற்பவன் பட்டியலின் உச்சியில் இருக்கட்டும்.

ஆனால் அந்தத் தாயிடம் நாம் இன்னொன்றும் கேட்டோம். நாளை அந்தப் பிள்ளையே ஒரு பொட்டலத்தோடு பிடிபட்டால், அவனைத் திருத்துவது எது? இரண்டு வாரம் சிறைக் கூட்டில் கிடப்பதா, அல்லது வீட்டாரும் ஆசிரியரும் ஒரு வைத்தியரும் கூடி அவனோடு பேசுவதா? அவர் சிறிது நேரம் பேசாமலிருந்தார். "பேசத்தான் ஆளில்லை" என்றார் பிறகு. அது நம் எல்லோர் மீதும் விழுந்த குற்றச்சாட்டு. பொலிஸ் பின்வாங்கும் இடத்துக்கு யாராவது முன்வர வேண்டும். ஆலோசனை சொல்ல, விளையாட்டுக் கழகம் நடத்த, மாலை வகுப்பு வைக்க நாம் ஆயத்தமா?

வேலிக்கு உள்ளேயும் வெளியேயும்

இன்னொரு விஷயத்தையும் விவசாயக் குடும்பங்களாகிய நாம் கவனிக்க வேண்டும். கஞ்சா நமது நாட்டுக்கு அந்நியமான செடி அல்ல. சித்த, ஆயுர்வேத வைத்தியத்தில் அதற்கு இடமுண்டு. மதனமோதகம் போன்ற மருந்துகளில் அது சேர்கிறது. பிரித்தானிய இந்தியாவில் 1893–94 இல் விசாரணை நடத்திய சணல் போதைப்பொருள் ஆணைக்குழுவே, அளவோடு பாவிப்பதால் பெருந்தீங்கு இல்லை, முழுத் தடை தேவையில்லை என்று எழுதியது. 2020 டிசம்பர் 2 அன்று ஐ.நா. போதைப்பொருள் ஆணைக்குழு 27 வாக்குகளுக்கு 25 என்ற கணக்கில், 1961 ஆம் ஆண்டு உடன்படிக்கையின் ஆகக் கடுமையான பட்டியலிலிருந்து கஞ்சாவை நீக்கியது. மருத்துவப் பயன் உண்டு என்பதே காரணம். பொதுப் பாவனைக்கு அது அனுமதி கொடுக்கவில்லை.

2025 ஓகஸ்டில் நமது அரசு ஏழு வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்கு ஏற்றுமதிக்காகக் கஞ்சா வளர்க்க அனுமதி கொடுத்தது. மீரிகமவில் 64 ஏக்கர் இதற்கு ஒதுக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. வேலியடைத்த காணிக்குள் அது முதலீடு. வேலிக்கு வெளியே ஒரு கூலித் தொழிலாளியின் சட்டைப் பையில் அது குற்றம். சட்டப்படி இரண்டுக்கும் விளக்கம் உண்டு. ஆனால் தன் சொந்தக் காணிக்குள் கால் வைக்க முப்பது வருடத்துக்கு மேலாகக் காத்திருக்கும் ஒரு தோட்டக்காரனுக்கு இந்த விளக்கத்தை யார் போய்ச் சொல்வது?

இதைப் படித்துவிட்டுக் கஞ்சா நடலாம் என்று எவரும் எண்ண வேண்டாம். மொனராகலைப் பக்கத்துச் சேனைகளில் நட்டவர்களின் கதி நமக்குத் தெரியும். இலாபம் முதலாளிக்கு, சிறை கூலிக்காரனுக்கு.

பிள்ளை பிடிபட்டால் செய்ய வேண்டியவை

சட்டம் மாறும்வரை காத்திருக்க முடியாது. ஆகவே சில விஷயங்களைத் தெரிந்து வைத்திருங்கள்.

* ஏன் கைது என்ற காரணத்தைச் சொல்ல வேண்டியது பொலிசாரின் கடமை. அரசியலமைப்பின் 13 ஆவது உறுப்புரை இதை உறுதி செய்கிறது. எந்தப் பொலிஸ் நிலையம், எந்த அதிகாரி என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

* கைதானவரைப் பொதுவாக 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் கொண்டுபோக வேண்டும். போதைப்பொருள் வழக்குகளில் நீதவானின் உத்தரவு பெற்று மேலும் சில நாட்கள் வைத்திருக்க முடியும். உத்தரவு இல்லாமல் முடியாது.

* பெண்களைப் பெண் பொலிசாரே சோதிக்க வேண்டும்.

* எடுத்த பொருளை எடை பார்த்து, உறையிலிட்டு முத்திரை வைப்பதைப் பிடிபட்டவர் தம் கண்ணால் பார்க்க வேண்டும்.

* விளங்காத மொழியில் எழுதிய வாக்குமூலத்தில் கையொப்பம் வைக்க வேண்டாம். 1987 முதல் தமிழும் ஆட்சி மொழி. தமிழில் எழுதும்படியோ, வாசித்து விளக்கும்படியோ கேளுங்கள். நாம் சொன்ன அந்த இளைஞன் சிங்களத்தில் எழுதிய தாளில்தான் கையொப்பமிட்டான். அதில் என்ன இருந்தது என்று அவனுக்கு இன்றும் தெரியாது.

* சட்டத்தரணிக்கு வசதியில்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்குப் போங்கள். அடித்தாலோ அச்சுறுத்தினாலோ மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 என்ற இலக்கத்துக்கு அறிவியுங்கள்.

* தண்டப்பணத்தை ஒரேயடியாகக் கட்ட முடியாவிட்டால் தவணை கேட்கலாம். 1999 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கச் சட்டத்தின்படி சிறைக்குப் பதிலாகச் சமுதாயச் சேவைக் கட்டளை விதிக்கவும் நீதவானுக்கு அதிகாரம் உண்டு. உங்கள் சட்டத்தரணியிடம் இதை ஞாபகப்படுத்துங்கள்.

* எவருக்கும் கைக்கூலி கொடுக்க வேண்டாம். ஒரு முறை கொடுத்தவனின் கதவு மறுமுறையும் தட்டப்படும்.

பையில் இருக்கும் இரண்டு தாள்கள்

கொட்டாஞ்சேனையில் நாம் விடைபெற்றபோது அந்தத் தகப்பன் பற்றுச்சீட்டைத் திரும்ப மடித்துக் காணி உறுதியோடு வைத்தார். "இரண்டும் அரசாங்கத்தின்ரை தாள்தான்" என்றார். "ஒண்டு காணி என்ரை எண்டு சொல்லுது. முப்பத்தைஞ்சு வருசமாய் ஒருத்தரும் அதைப் பாக்கேல்லை. மற்றது என்ரை பொடியன் குற்றவாளி எண்டு சொல்லுது. அதை எல்லாரும் பாக்கினம்."

மகன் இப்போது ஒரு கட்டடத்தில் நாட்கூலிக்குப் போகிறான். புகைப்பதை விட்டுவிட்டதாகத் தாய் சொல்கிறார். பொலிசுக்குப் பயந்தா என்று கேட்டோம். "இல்லை, காப்பை அடைவு வைச்சண்டு நான் அழுததைப் பாத்தவன்" என்றார்.

குழுக்களில் பேசுவதற்கு

1. உங்கள் பகுதியில் பொலிசார் முதலில் கவனிக்க வேண்டிய மூன்று விஷயங்கள் எவை? இப்போது அவர்கள் எதைக் கவனிக்கிறார்கள்?

2. கசிப்பு, சாராயம், புகையிலை, கஞ்சா, ஹெரோயின் ஆகியவற்றில் எது உங்கள் ஊரில் கூடுதலான குடும்பங்களைக் கெடுக்கிறது? அதற்கு எதிராக நீங்கள் செய்தது என்ன?

3. ஒரு இளைஞன் பிடிபட்டுத் திரும்பி வந்தால், அவனுக்கு வேலை கொடுக்க உங்கள் சங்கத்தில் யார் முன்வருவார்கள்?